சங்கடப்படலையும் கணினி வலையும்



யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளைக் கண்டவர்கள் சங்கடப்படலையை மறந்திருக்கமாட்டார்கள். தெருவேலியோடு சேர்ந்து, மேலே ஒரு சிறு கூரையும், இரு மருங்கும் அமர்ந்து இளைப்பாறுதற்குத் திண்ணையும் உடையதாய் அது இருக்கும். வெயிலில் நடந்து களைத்த வழிப்போக்கன் அங்கே அமரலாம். வைத்திருக்கும் மண்குடத்து நீரை அருந்தலாம். அதன் பொருட்டு வீட்டாரை அழைத்து அனுமதி பெறவேண்டியதில்லை. ஆயினும் படலையில் இருந்தமையால் அவன் வீட்டுக்குள் வந்தவனாகிவிடமாட்டான். படலைக்கு அப்பால் முற்றம் உண்டு. முற்றத்துக்கு அப்பால் தலைவாசல் உண்டு. அதற்கும் உள்ளே, நகையும் உறுதிகளும் வைத்துப் பூட்டிய அறைக்கு வேறொரு கதவும் தனியானதொரு திறப்பும் உண்டு. தெருவில் வருவோர் யாவரும் கள்வர் அல்லர், யாவரும் உறவினரும் அல்லர் என்பதை அறிந்தவர்கள் கட்டிய வீடு அது.

இச்சிறு கட்டடத்தை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. வைத்தியசாலைகளும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் அரச திணைக்களங்களும் தத்தம் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே ஒரு வலையமைப்பை வைத்திருக்கின்றன. அவ்வலையமைப்பு இணையம் என்னும் உலகப் பெருந்தெருவோடும் தொடுக்கப்பட்டிருக்கிறது. தெருவிலிருந்து வருவோருக்குச் சில சேவைகளை வழங்கியே ஆகவேண்டும். அதற்காக வருவோர் எல்லோரையும் உள்ளே விடவும் இயலாது. இவ்விரு தேவைகளுக்கும் இடையே கணினி அறிஞர் கண்ட வழி நமது சங்கடப்படலையை ஏறத்தாழ அப்படியே ஒத்திருக்கிறது. அது எவ்வாறு அமைக்கப்படுகிறது, அமைக்கத் தவறியவிடத்து என்ன நேர்ந்தது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

நேர்ந்ததை முதலிற் சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தின் பல வைத்தியசாலைகளிற் கணினித் திரைகள் திடீரெனச் சிவந்தன. கோப்புகள் யாவும் எவரும் வாசிக்க முடியாத மறைகுறிகளாக மாற்றப்பட்டுவிட்டன. அவை மீளவேண்டுமாயின் 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் செலுத்துக என்ற அறிவித்தல் திரையில் நின்றது. வான்னாகிறை என்று பெயர் பெற்ற கணினிப்புழுவின் வேலை அது. இங்கிலாந்தில் வைத்தியசாலைகளை நிருவகிக்கும் 236 பொறுப்பாட்சி நிறுவனங்களுள் குறைந்தது 80 நிறுவனங்களை அது பாதித்தது. 595 குடும்ப வைத்திய நிலையங்களும் தொற்றுக்கு உள்ளாயின. நோயாளர் வருகைக்கென ஒதுக்கிய நேரங்களுள் 6,912 இரத்தானமை உறுதிப்படுத்தப்பட்டது. உண்மைத் தொகை 19,000 அளவில் இருக்கலாம் என்றும் மதிப்பிட்டார்கள். ஐந்து பிரதேசங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தூரத்து வைத்தியசாலைகளுக்குச் செல்ல நேர்ந்தது.

அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் இதனை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. தொற்றுண்ட கணினிகளில் இருந்த ஓட்டை அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில், மைக்ரோசொப்ட் நிறுவனத்தால் அடைத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. பலர் அந்த ஒட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. இது பலரும் அறிந்த செய்தி. அறிக்கையிற் கூறப்பட்ட மற்றொரு கருத்து அவ்வளவு பேசப்படவில்லை. கணினிகளிலுள்ள ஓட்டை அடைக்கப்பட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இணையத்தை நோக்கி நிற்கும் தீச்சுவரைச் சீராகப் பேணியிருந்தாலே இத்தொற்றிலிருந்து அந்நிறுவனங்கள் தப்பியிருக்கும் என்பதே அக்கருத்து. உள்ளே ஆயிரம் யன்னல்கள் பழுதுபட்டிருந்தபோதும், வேலியில் ஒரு பொட்டை அடைத்திருந்தால் அன்றைய நாள் வேறு விதமாக முடிந்திருக்கும்.

தீச்சுவர் என்றேனே, அஃது யாது என்பதைச் சற்று விளக்கவேண்டும். இணையத்தில் எச்செய்தியும் முழுதாகப் பயணம் செய்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே செல்லும். தபாலுறை போன்று ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்பும் கணினியின் முகவரியும் பெறும் கணினியின் முகவரியும் எழுதப்பட்டிருக்கும். இவற்றோடு துறை எண் என்றொரு குறிப்பும் உண்டு. ஒரே கணினியில் மின்னஞ்சலைப் பெறும் நிரலும் இணையப் பக்கங்களை வழங்கும் நிரலும் கோப்புகளைப் பகிரும் நிரலும் ஒருங்கே இயங்கலாமாதலால், வந்த பொதி எந்நிரலுக்குரியது என்பதை அவ்வெண் காட்டும். மின்னஞ்சல் ஒப்படைப்புக்கு 25, பாதுகாப்பான இணையப் பக்கத்துக்கு 443, வின்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புப் பகிர்வதற்கு 445 என்று வழக்கம் வகுத்திருக்கிறது. வான்னாகிறை புகுந்தது இந்த 445 என்னும் துறையினாலேயே. ஒரு வைத்தியசாலையின் உள்வீட்டுக் கோப்புப் பகிர்வுக்கும் வெளியுலகுக்கும் எத்தொடர்பும் இருக்க வேண்டியதில்லை. இருந்தும் அத்துறை பலவிடங்களில் தெருவை நோக்கித் திறந்து கிடந்தது.

பெருங்கட்டடங்களில் ஓரிடத்துத் தீ மறுபுறம் பரவாதிருக்க இடையே எழுப்பும் தடித்த சுவருக்கே ஆங்கிலத்தில் அப்பெயர் முதலில் இருந்தது. கணினித் தீச்சுவர் கல்லாலும் சாந்தாலும் ஆனதன்று. பொதிகளின் உறையை வாசித்து, விடு அல்லது தடு என்று தீர்ப்புச் சொல்லும் ஒரு காவற்கருவி. அதனிடம் ஒரு விதிப்பட்டியல் இருக்கும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு விதியையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். நல்ல பட்டியலின் கடைசி வரி எப்பொழுதும் ஒன்றே: மேலே சொல்லப்படாத யாவும் மறுக்கப்படும். தீயவற்றைத் தேடித் தேடித் தடுப்பதன்று முறை. வேண்டியவற்றைச் சொல்லி அனுமதித்து, எஞ்சியவை அனைத்தையும் மறுப்பதே முறை. இரண்டும் ஒன்று போலத் தோன்றினும், நாளை பிறக்கப்போகும் தீமையின் பெயர் இன்று நமக்குத் தெரியாதாகையால், முதலாவது முறை என்றும் ஓரடி பின்னாலேயே நிற்கும்.

இனி, படலையின் கதைக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆந் திகதி மாலை, கோர்னெல் பல்கலைக்கழகத்து மாணவர் ரொபேர்ட் மொறிஸ் தாம் எழுதிய நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். தன்னைத் தானே பிரதி செய்துகொண்டு கணினிக்குக் கணினி தாவும் புழு அது. அக்காலத்தில் இணையத்தில் இருந்த கணினிகள் ஏறத்தாழ 60,000; அவற்றுள் 6,000 வரை முடங்கின என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மின்னஞ்சல் நிரலில் இருந்த ஒரு கவனக்குறைவு, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்கள், ஒரு கணினி இன்னொன்றை ஐயமின்றி நம்பிய வழக்கம் ஆகியன அதற்கு வாயில்களாயின. மொறிஸ் பின்னர் குற்றவாளியாகக் காணப்பட்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணித்தியாலச் சமூகசேவையும் 10,050 டொலர் தண்டமும் பெற்றார். அவருடைய தந்தையார் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்திற் கணினிப் பாதுகாப்பு விஞ்ஞானியாகக் கடமையாற்றினார் என்பது இக்கதையில் உள்ள ஒரு விநோதம்.

அத்தந்தையார் முன்னர் பணியாற்றிய பெல் ஆய்வுகூடத்தின் உள்வலைக்குள் அந்தப் புழு நுழையவில்லை. அந்நிறுவனம் தன் உட்கணினிகளுக்கும் இணையத்துக்கும் இடையே ஒரேயொரு வாயிற்கணினியை வைத்திருந்தது. அவ்வாயிற்கணினி வேறு வகையான மின்னஞ்சல் நிரலைப் பயன்படுத்தியமையால் புழுவின் தந்திரம் அங்கே பலிக்கவில்லை. ஆனால் அந்த வாயிலைப் பொறுப்பேற்றிருந்த வில்லியம் செஸ்விக் என்பவர் இதனால் மகிழ்ச்சியடைந்து வாளாவிருந்துவிடவில்லை. அவ்வொரு கணினி வீழ்ந்திருந்தால் உள்ளேயிருந்த யாவும் வீழ்ந்திருக்குமே என்று அவர் சிந்தித்தார். வெளியே கடினமான ஓடும் உள்ளே மென்மையான பாகும் உள்ள இனிப்புப் பண்டத்துக்குத் தம் வலையமைப்பை அவர் ஒப்பிட்டார். அவ்வுவமையைக் கணினிப் பாதுகாப்பு அறிஞர் இன்றும் எடுத்தாளுகிறார்கள்.

1990ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையில் வேறோர் அமைப்பு விவரிக்கப்பட்டது. வாயிலில் ஒன்றன்று, இரண்டு கணினிகள். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. வெளியிலுள்ள கணினி என்றாவது ஒருநாள் பகைவன் கைப்படும் என்பதை ஐயமின்றி ஏற்றுக்கொண்டே திட்டம் தொடங்குகிறது. ஆகவே உள்ளிருக்கும் கணினி வெளிக்கணினியை நம்புவதில்லை. தன்னோடு வேலை செய்யும் அந்தத் துணைக்கணினியையும் அந்நியனாகவே கொண்டு, மிகச் சில வேலைகளை மாத்திரம் அதனிடமிருந்து ஏற்கும். படலையில் இருப்பவன் நம் காவற்காரனேயாயினும் தலைவாசற் கதவின் திறப்பு அவன் கையிற் கொடுக்கப்படவில்லை என்பது கருத்து. இக்கருத்தில் ஒரு பணிவு இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. என் சுவர் வீழாது என்று கூறுபவரை விட, வீழ்ந்தபின் என்ன செய்வேன் என்று கேட்பவரையே பொறியியலில் நான் நம்புவேன்.

அதே செஸ்விக் 1991ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நடத்திய நாடகம் ஒன்றையும் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. எங்கிருந்தோ ஒருவன், பழைய மின்னஞ்சல் ஓட்டையின் வழியாகக் கடவுச்சொற் கோப்பை அனுப்புமாறு வெளிக்கணினிக்குக் கட்டளையிட்டான். அந்த ஓட்டை அங்கே இல்லை. முயல்பவரைக் காட்டிக்கொடுப்பதற்காக, ஓட்டை இருப்பது போன்ற தோற்றம் மட்டும் வைக்கப்பட்டிருந்தது. செஸ்விக் ஒரு போலிக் கோப்பை அனுப்பிவைத்தார். பின்னர் அவன் இட்ட கட்டளைகளுக்கெல்லாம் கணினியே விடையளிப்பது போன்று தாமே விடையளித்து வந்தார். ஒரு கட்டத்தில், கணினியிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடு என்றும் அவன் கட்டளையிட்டான்! பின்பு அவனுக்கென்றே ஒரு மாயச் சிறை கட்டி, மாதக்கணக்கில் அவதானித்தார்கள். அவன் ஒல்லாந்திலிருந்து வந்தவன் என்பது புலனாயிற்று. அக்காலத்தில் அந்நாட்டில் அது சட்டப்படி குற்றமாக இருக்கவில்லை. இவ்வளவும் படலையிலேயே நடந்து முடிந்தது. வீட்டார் உறக்கம் கலையவில்லை.

நடுவில் இருக்கும் இந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைச் சுருக்கி டி.எம்.இஸட் என்பர். படைவிலக்கு வலயம் என்பது அதன் பொருள். 1953ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27ஆந் திகதி கொரியப் போர்நிறுத்த உடன்படிக்கை கையொப்பமானபோது, படைகள் நின்ற எல்லைக்கோட்டிலிருந்து இருபுறமும் இரண்டு கிலோமீற்றர் வீதம் விலக்கி, ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நீளத்துக்கு அத்தகைய நிலப்பட்டி ஒன்று வகுக்கப்பட்டது. அங்கிருந்தே கணினித் துறையினர் பெயரை இரவல் பெற்றனர். எனக்கு அது பொருத்தமான பெயராகப் படவில்லை. கொரியாவின் நிலப்பட்டியில் ஒருவரும் நடமாடக்கூடாது. கணினியின் நடுவலயமோ அந்நியர் நாள்தோறும் வந்து போவதற்கென்றே அமைந்தது. சங்கடப்படலை என்ற சொல் நம்மிடம் இருக்க, போர்க்களத்துச் சொல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆகவே நடுவலயம் என்றே மேலும் கூறிச் செல்கிறேன்.

இப்பொழுது ஒரு மாவட்ட வைத்தியசாலையை மனத்திற் கொள்வோம். நோயாளர் தம் வீட்டிலிருந்தே வைத்தியரைக் காணும் நேரத்தைப் பதிவு செய்ய வேண்டும். இரத்தப் பரிசோதனையின் முடிவைத் தொலைபேசியிற் பார்க்க வேண்டும். வைத்தியசாலைக்கு மின்னஞ்சல் வந்து போக வேண்டும். வெளியுலகுக்குத் தேவையானவை இவ்வளவே. உள்ளே இருப்பவையோ மிகப் பல. நோயாளர் பதிவேடுகள் உள்ள தரவுத்தளம், எழுதுவினைஞரின் கணினிகள், மருந்துக் களஞ்சியத்தின் கணக்கு, ஊடுகதிர்ப் படக் கருவிகள், ஆய்வுகூட இயந்திரங்கள், சம்பளப் பட்டியல் என்று அடுக்கலாம்.

இங்கே இரண்டு தீச்சுவர்கள் வேண்டும். தெருவுக்கும் நடுவலயத்துக்கும் இடையே ஒன்று. நடுவலயத்துக்கும் உள்வலைக்கும் இடையே மற்றொன்று. பணம் குறைவாயின் ஒரே தீச்சுவருக்கு மூன்று கிளைகள் வைத்து அமைப்பதும் உண்டு. அஃது ஏற்கத்தக்கதே, ஆனால் அவ்வொரு கருவியில் நேரும் பிழை இரண்டு வேலிகளையும் ஒருங்கே திறந்துவிடும் என்பதை மறத்தலாகாது. பதிவுப்பக்கத்தை வழங்கும் சேவையகமும், மின்னஞ்சலை முதலில் வாங்கிச் சோதிக்கும் சேவையகமும் நடுவலயத்தில் நிற்கும். வெளித் தீச்சுவர், முன்னதற்கு 443 என்னும் துறையையும் பின்னதற்கு 25 என்னும் துறையையும் மட்டுமே திறக்கும். உள்வலையிலுள்ள எந்தக் கணினியையும் தெருவிலிருந்து நேராகத் தொடுவதற்கு எவ்வழியும் இராது.

இவ்வளவும் எவரும் வரைபடத்தில் வரைந்துவிடுவர். கடினமான பகுதி உட்சுவரின் விதிகளில் இருக்கிறது. தொடர்பை முதலில் தொடங்குபவர் யார் என்ற கேள்வியே அங்கு உயிர்நாடி. தீச்சுவர்கள் ஒரு உரையாடலை நினைவில் வைத்திருக்க வல்லன. ஆதலால் உள்ளிருப்பவர் தொடங்கிய உரையாடலுக்கு வெளியிலிருந்து வரும் விடையை உள்ளே விட்டு, வெளியிலிருப்பவர் தாமாகத் தொடங்கும் உரையாடலை மறுக்கலாம். உள்வலை நடுவலயத்தை அழைக்கலாம். நடுவலயம் உள்வலையை அழைத்தலாகாது. இதுவே பொது விதி.

ஆயினும் பதிவுப்பக்கத்துக்கு நோயாளர் விவரம் வேண்டுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. பெரும்பாலான நிறுவனங்கள் இவ்விடத்திலேயே வழுக்கி விழுகின்றன. நடுவலயச் சேவையகம் உட்தரவுத்தளத்தை நேரே அழைக்கும்படி ஒரு வழியைத் திறந்து, அச்சேவையகத்துக்குத் தரவுத்தளம் முழுவதையும் வாசிக்கும் உரிமையையும் கொடுத்துவிடுவார்கள். உறையின் மேல் 443 என்று முறையாக எழுதப்பட்டிருந்தால் உள்ளே இருக்கும் கடிதத்தை எளிய தீச்சுவர் படிப்பதில்லை. நோயாளரின் பெயரை எழுதவேண்டிய கட்டத்துக்குள் தரவுத்தளத்துக்குரிய கட்டளை ஒன்றை எழுதி அனுப்பும் கள்வன், திறந்த வாயிலாலேயே மரியாதையாக நடந்து வந்து பதிவேட்டை முழுதாக அள்ளிச் செல்வான்.

சிறந்த வழி வேறு. வெளியே காட்டவேண்டியவை எவையோ அவற்றின் பிரதியை மட்டும், உள்ளிருக்கும் கணினி தானே கொண்டுவந்து நடுவலயத்தில் வைக்கட்டும். அடுத்த இரண்டு வாரங்களில் வெறுமையாக உள்ள நேரங்கள், இன்று வெளியிடத் தக்க பரிசோதனை முடிவுகள் ஆகியன அவ்வளவே. நோயாளர் இட்ட பதிவுகளைச் சில நிமிடங்களுக்கொருமுறை உட்கணினி வந்து எடுத்துச் செல்லட்டும். எடுக்கும்போது பெயர் பெயராக இருக்கிறதா, திகதி திகதியாக இருக்கிறதா என்று சோதிக்கட்டும். படலையில் மண்குடம் வைப்பது போன்றது இது. குடத்தை நிரப்புவதற்கு வீட்டிலிருந்து ஒருவர் போகிறார். வழிப்போக்கன் கிணற்றடிக்கு வருவதில்லை. நடுவலயம் முழுவதும் களவு போனாலும், போவது ஒரு குடம் நீரே. சில நிமிடத் தாமதம் இதற்குக் கொடுக்கும் விலை. வைத்தியசாலைக்கு அது பெரிதன்று.

வெளியே போகும் வழியையும் கவனித்தல் வேண்டும். உள்ளே வருவதைக் காக்கும் பலர் வெளியே போவதைத் திறந்தே விட்டுவிடுகின்றனர். பதிவுப்பக்கச் சேவையகம் வந்தவருக்கு விடை சொல்லவேண்டியதேயன்றி, தானாக எழுந்து இணையத்தில் உலாவுவதற்கு அதற்கு வேலை யாது? 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், லொக்4ஜே எனப்படும், உலகெங்கும் பரவியிருந்த ஒரு சிறு நிரற்கூறில் பெரும் ஓட்டை வெளிப்பட்டது. அதனைக் கொண்டு நடத்திய தாக்குதலின் பொதுவான வடிவம் இது: ஏமாற்றப்பட்ட சேவையகம் கள்வனுடைய கணினியைத் தானே அழைத்து, அவன் தரும் நச்சுநிரலை வாங்கிவந்து இயக்கும். வெளிச்செல்லும் வழி அடைக்கப்பட்டிருந்த சேவையகத்தில், ஓட்டை இருந்தும், அவ்வடிவம் பலிக்க முடியாது. புதுப்பிக்க வேண்டியவற்றைக் கூட, பெயர் குறித்த ஓரிரு இடங்களிலிருந்து மட்டும் பெறும்படி விதிக்கலாம்.

நடுவலயம் ஒன்றை அமைத்துவிட்டு, உள்ளே இருப்பவை யாவையும் ஒரே மண்டபத்தில் விட்டுவைப்பது செஸ்விக் சொன்ன இனிப்புப் பண்டத்துக்கே திரும்பிப் போவதாகும். அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெரும் அங்காடி நிறுவனத்துக்கு 2013ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் நேர்ந்தது அதுவே. அதன் கடைகளின் குளிரூட்டல் வேலையைச் செய்துவந்த ஓர் ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைத் திருடிக் கள்வர் உள்ளே வந்தனர். வந்தவர்கள் குளிரூட்டற் கணக்குகளோடு நிற்கவில்லை. படிப்படியாக நகர்ந்து, காசாளர் மேசையிலுள்ள கருவிகளைச் சென்றடைந்தனர். நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை, ஏறத்தாழ நான்கு கோடிக் கடனட்டை, பற்றட்டை விவரங்கள் கள்வர் கைப்பட்டன. உள்வலையின் முக்கியமான பகுதிகள் ஏனையவற்றிலிருந்து தக்கவாறு பிரிக்கப்படாதிருந்தமையை அமெரிக்க செனற் சபைக் குழுவொன்றின் ஆய்வு பின்னர் சுட்டிக்காட்டிற்று. முற்றத்தில் வேலை செய்ய வந்தவனின் உடையை அணிந்துகொண்டு வந்தவன் நகை அறை வரை நடக்க முடிந்ததெனின், வழியிற் கதவுகள் இல்லை என்பதே பொருள்.

ஆகவே நம் வைத்தியசாலையின் உட்பகுதியையும் அறைகளாக்க வேண்டும். ஊடுகதிர்ப் படக் கருவிகளும் ஆய்வுகூட இயந்திரங்களும் தனி வலயத்தில் இருக்கட்டும். இவை பெரும் பொருட்செலவில் வாங்கப்பட்டவை. பதினைந்து ஆண்டு உழைக்க வேண்டியவை. அவற்றை இயக்கும் கணினியோ பழைய வின்டோஸ் வகையைச் சேர்ந்ததாயிருக்கும். உற்பத்தியாளர் அனுமதியின்றி அதை மாற்றவும் இயலாது. நோயை மாற்ற முடியாத இடத்து நோயாளரைத் தனியறையில் வைப்பது போல, இவற்றைத் தனியே வைத்துப் படங்களைப் பெறும் ஒரே சேவையகத்தோடு மட்டும் பேச விடவேண்டும். நோயாளரைப் பார்க்க வருவோர் பயன்படுத்தும் கம்பியில்லா இணைப்பு இன்னொரு வலயம். அது நேரே தெருவுக்குப் போகட்டும், வேறெங்கும் போக வேண்டாம். சேவையகங்களை நிருவகிப்போர் உட்செல்லும் வழி ஒன்றாகவே இருக்கட்டும். அங்கு கடவுச்சொல்லோடு இரண்டாவது அத்தாட்சி ஒன்றும் கேட்கப்படட்டும்.

காப்புப் பிரதிகளைப் பற்றி நம் நாட்டிலேயே ஓர் அனுபவம் உண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், இலங்கை அரச முகில் என்னும் அரச கணினிச் சேவை பணயம் கேட்கும் நிரலினால் தாக்கப்பட்டது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. மே மாதம் 17ஆந் திகதி முதல் ஓகஸ்ட் 26ஆந் திகதி வரையான மின்னஞ்சல்களை மீட்க இயலவில்லை. வழக்கொழிந்த மின்னஞ்சல் நிரற்பதிப்பு ஒன்று பயன்பாட்டில் இருந்தமையும், தாக்குதலுக்கு எட்டாத தூரத்திற் பிரதி வைக்கப்படாமையும் அப்போது பேசப்பட்டன. மூலமும் பிரதியும் ஒரே அறையில், ஒரே திறப்பின் கீழ் இருக்குமாயின் அது பிரதியாகாது. காப்பு வலயம் தானே வந்து பிரதியை எடுத்துச் செல்லவேண்டும். மற்றை வலயங்களிலிருந்து எவரும் அதனுள் நுழைந்து எழுதவோ அழிக்கவோ முடியாதிருக்க வேண்டும். ஒரு பிரதியாவது கம்பித் தொடர்பே இன்றி அலுமாரியில் இருப்பது நன்று.

வேலிகளின் காலம் முடிந்துவிட்டது என்று கூறுவோரும் உளர். அலுவலர் வீட்டிலிருந்து வேலை செய்கின்றனர். கோப்புகள் வேறு நாட்டுச் சேவையகங்களில் உள்ளன. உள்ளே எது, வெளியே எது என்ற எல்லையே மங்கிவிட்டது என்பது அவர் வாதம். 2009ஆம் ஆண்டில் தனக்கு நேர்ந்த ஊடுருவலுக்குப் பின்னர் கூகிள் நிறுவனம், உள்வலையில் இருப்பதனாலேயே எவரையும் நம்புவதில்லை என்ற முறைக்கு மாறியது. ஒவ்வொரு வேண்டுகோளின் போதும் ஆளையும் கருவியையும் சோதிக்கும் அம்முறைக்கு அமெரிக்கத் தர நிறுவனம் 2020ஆம் ஆண்டில் விரிவான வழிகாட்டி ஒன்றையும் வெளியிட்டது. தீச்சுவர்க் கருவிகளிலேயே ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அவற்றின் வழியே கள்வர் புகுந்த நிகழ்ச்சிகளும் அண்மைக் காலத்தில் பலவாகிவிட்டன. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ஒவ்வோர் அறைக்கும் பூட்டுப் போடுவது படலையைக் கழற்றி எறிவதற்குக் காரணமாகாது. பதினைந்தாண்டுப் பழைமையுள்ள ஊடுகதிர்க் கருவி ஒவ்வொரு வேண்டுகோளையும் சோதிக்கும் அறிவைப் பெறப்போவதில்லை. அதன் முன்னால் யாரேனும் நின்று காக்கத்தான் வேண்டும்.

அமைத்தபின் சோதித்துப் பார்ப்பதற்கு எளியதொரு வழி இருக்கிறது. நடுவலயத்துச் சேவையகத்தின் முன் அமர்ந்து, அது கள்வன் கைப்பட்டதாகவே பாவித்து, உள்ளேயுள்ள கணினிகளை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்க வேண்டும். விடை வருமாயின், வரைபடம் எவ்வளவு அழகாக இருப்பினும் சுவர் அங்கே இல்லை. சில ஆண்டுகளின் முன் ஓர் அலுவலகத்தில் நான் இவ்வாறு அழைத்தபோது, கணக்காளர் பகுதியிலிருந்து விடை வந்தது. விதிப்பட்டியலைப் பார்த்தோம். நடுவில் ஒரு வரி. அதன் அருகே 'தற்காலிகம், இரண்டு நாள்' என்ற குறிப்பு. பிரதி எடுக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவருக்காகத் திறந்த வழி அது. திறந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்; அந்த இயந்திரமும் கழித்து விற்கப்பட்டுவிட்டது; குறிப்பில் இருந்த திகதியிலிருந்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த வரியை நீக்கிவிட்டு யாராவது முறையிடுவார்களோ என்று ஒரு வாரம் பார்த்திருந்தோம். ஒருவரும் முறையிடவில்லை.